வளைய ஆன்டெனாவில் கேபிளின் குறுக்கீடு: எந்த மருந்து எந்த அலைக்கு?

வளைய ஆன்டெனாவை விலைக்கு வாங்கியவரும் சரி, தாமே கட்டியவரும் சரி, முதல் வாரத்திலேயே ஓர் ஐயத்துக்கு ஆளாகிறார்கள். வளையத்தின் விளிம்பு ஒலிபரப்பு நிலையத்தைப் பார்த்திருக்கும்போது ஒலி உச்சத்தில் இருக்க வேண்டும். கால் சுற்று திருப்பியதும் அது ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். நடைமுறையில் பலருக்கு ஒலி கொஞ்சம் குறைகிறதே தவிர மறைவதில்லை. இன்னும் சிலருக்கு, வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சல் மட்டும் அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் வளையம் காரணமன்று. வளையத்திலிருந்து ரேடியோவுக்கு இறங்கி வரும் கேபிள் தானும் ஓர் ஆன்டெனாவாக மாறி, தனக்குக் கிடைத்ததையெல்லாம் வளையத்தின் சிக்னலோடு கலந்துவிடுகிறது.

இதைத் தடுக்க ஷீல்டு (உலோக உறை) போட்ட வளையம், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், ஃபெரைட் (காந்தப் பீங்கான்) சோக், தனி எர்த், முறுக்கிய இணைக் கம்பி என்று பல வழிகள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வைத்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. மத்திய அலையில் மிக நன்றாக வேலை செய்யும் வழி சிற்றலையில் தளர்ந்துபோகலாம். சிற்றலையில் போற்றப்படும் வழி மத்திய அலையில் அநேகமாக ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம். எது எங்கே பயன்படும் என்பதைப் பார்க்க ஒரு சிறு கணக்குப் போதும்.

திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சுற்று வளையத்தின் பரப்பு 0.785 சதுர மீட்டர். சிறிய வளையத்தின் பயனுறு உயரம் என்பது பரப்பை இரண்டு பை கொண்டு பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் வருவது; இங்கே அது வெறும் ஒன்றரை சென்டிமீட்டர். அலையின் வலிமை மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் என்றால், வளையத்தில் தூண்டப்படுவது 15 மைக்ரோவோல்ட். மொட்டை மாடியிலிருந்து 6 மீட்டர் கீழே இறங்கி எர்த்தில் முடியும் கேபிளின் ஷீல்டிலோ, அதே அலை 6 மில்லிவோல்ட்டைத் தூண்டும். ஏறத்தாழ 400 மடங்கு. வேண்டாத சிக்னல் வேண்டிய சிக்னலை இவ்வளவு தூரம் மிஞ்சி நிற்கும் இடத்தில்தான் நாம் வேலை செய்கிறோம்.

இந்த 6 மில்லிவோல்ட் முழுவதும் ரேடியோவுக்குள் வந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது மின்னோட்டமாக ஓட வேண்டுமானால் கேபிளின் மேல்முனையிலிருந்து வளையத்தின் உடலுக்கு ஏறி, அங்கிருந்து சுற்றியுள்ள வெளிக்குள் மின்தேக்கத்தின் வழியாகப் பாய வேண்டும். மூன்று மீட்டர் சுற்றளவுள்ள கம்பிக்கு வெளியோடு உள்ள மின்தேக்குதிறனைத் தோராயமாக 30 பிகோஃபாரட் எனக் கொள்ளலாம். 936 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 5,700 ஓம் அளவுக்கு வரும். ஆகவே கேபிள் தள்ளும் மின்னோட்டம் சுமார் 1 மைக்ரோ ஆம்பியர். வளையத்தின் தூண்டுதிறன் சுமார் 3 மைக்ரோஹென்றி, அதாவது 17 ஓம். அதன் 15 மைக்ரோவோல்ட் தரக்கூடிய மின்னோட்டம் 0.9 மைக்ரோ ஆம்பியர். கேபிளும் வளையமும் சமபலத்தில் நிற்கின்றன. ஒலி மறைய வேண்டிய அந்தக் கால் சுற்றுத் திசையில், அதாவது மௌனத் திசையில், ஒலி 30 டெசிபெல் இறங்க வேண்டுமானால், கேபிளின் பங்கை வளையத்தின் உச்ச சிக்னலில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும்.

அதற்கு இரண்டே பாதைகள் உள்ளன. ஷீல்டின் வெளிப்பரப்பில் ஓடும் அந்த மின்னோட்டத்தையே குறைப்பது ஒன்று; பொறியாளர்கள் காமன் மோட் என்று சொல்லும் இதை இக்கட்டுரையில் வெளியோட்டம் என்று அழைக்கிறேன். வெளியோட்டம் ஓடினாலும் அது சிக்னலாக மாறாதபடி வளையத்தையும் அதன் முனைகளையும் சமச்சீராக அமைப்பது மற்றொன்று. சந்தையிலும் பட்டறையிலும் கிடைக்கும் எல்லா வழிகளும் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவை. ஒன்றின் பலன் மற்றதன் பலனோடு பெருகும் என்பதால், இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுப்பவர், ஒரே பாதையில் மூன்று வழிகளை அடுக்குபவரைவிட அதிகம் பெறுகிறார்.

தேர்வுக்கு முன் நோய் இதுதானா என்று சோதித்துக்கொள்வது நல்லது. வளையத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு சிறு காயிலை இணைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. அது போதாது என்பது என் கருத்து. வளையத்தைக் கழற்றியதும் அதன் உடலும் போய்விடுவதால் வெளியோட்டம் பாய இடமின்றிக் குறைந்துவிடும், சோதனையும் பொய்யாகத் தேர்ச்சி காட்டும். அதைவிட, வளையத்தின் நீளமுள்ள ஒரு கம்பியை இரண்டாக மடித்து, இரு முனைகளையும் வளையம் இணைந்திருந்த அதே இரு முனைகளில் இணைத்து, மடிப்பை மேல்நோக்கித் தூக்கிக் கட்டிப் பாருங்கள். கம்பியின் உடல் அங்கேயே இருக்கிறது, வளையத்தின் பரப்பு மட்டும் இல்லை. அப்போதும் நிலையமோ இரைச்சலோ தெளிவாகக் கேட்டால், அது கேபிளின் வழியாகவே வருகிறது.

மௌனத் திசைச் சோதனையை நண்பகலில் தரை அலையாக வந்து சேரும் நிலையத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். இரவில் அயனமண்டலத்திலிருந்து இறங்கும் அலை சாய்வாகவும் முனைவாக்கம் மாறியும் வருவதால், குறையே இல்லாத வளையத்திலும் மௌனம் கலைந்து அலையும். முதல் உலகப் போர்க் காலத்தில் வானொலி அலையால் திசை கண்டறிந்த பொறியாளர்களைத் துன்புறுத்திய இரவுப் பிழை இதுவே. 1919-ல் பிரிட்டிஷ் பொறியாளர் பிராங்க் அட்காக் வளையத்தையே கைவிட்டு நிமிர்ந்த கம்பிகளை இணை இணையாக நிறுத்தியதற்குக் காரணமும் இதுதான். கேபிளால் வரும் பிழைக்கு அந்தத் துறையில் ஆன்டெனா விளைவு என்று தனிப்பெயர் உண்டு, அதற்கான அடையாளமும் தனி. இரண்டு மௌனத் திசைகளும் சரியாக 180 பாகை விலகி இராமல் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால், கேபிளின் சிக்னல் வளையத்தின் சிக்னலோடு ஒரே கட்டத்தில் (ஃபேஸில்) கலக்கிறது. 180 பாகை சரியாக இருந்தும் மௌனம் ஆழமில்லாமல் இருந்தால் இரண்டும் கால் சுற்றுக் கட்ட வேறுபாட்டில் கலக்கின்றன. வீடுகளில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே தென்படும்.

இனி வழிகளுக்கு வருவோம். ஷீல்டு போட்ட வளையத்தைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை நிலவுகிறது. குழாய்க்குள்ளோ கோஆக்சியல் கேபிளுக்குள்ளோ கம்பியை நுழைத்து, உச்சியில் சிறு இடைவெளி விட்டுச் செய்யப்படும் இவ்வளையம், மின்புலத்தைத் தடுத்துக் காந்தப்புலத்தை மட்டும் உள்ளே விடுகிறது என்பார்கள். வீட்டு இரைச்சல் மின்புலமாகவே வருவதால் அது வடிகட்டப்படுகிறது என்று சொல்லப்படுவதுண்டு. உண்மை வேறு. 1 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழம் 0.07 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே ஷீல்டின் வெளிப்பரப்பும் உட்பரப்பும் இரண்டு தனிக் கம்பிகளைப் போலவே நடந்துகொள்கின்றன. அலையைப் பிடிப்பது ஷீல்டின் வெளிப்பரப்பே. பிடித்தது உச்சியிலுள்ள இடைவெளியில் தோன்றி, அங்கிருந்து உள்ளே நுழைகிறது. இடைவெளியே விடாமல் ஷீல்டை முழுதாக மூடிவிட்டால் உள்ளே சிக்னலே வராது என்பதிலிருந்தே ஆன்டெனா எது என்பது விளங்கும்.

அப்படியானால் ஷீல்டு வளையம் ஏன் பலருக்கு நன்மை செய்கிறது? கேபிள் அடியின் நடுவில் சேருகிறது, இடைவெளி உச்சியின் நடுவில் இருக்கிறது. கேபிளிலிருந்து ஏறும் வெளியோட்டம் இடமும் வலமும் சமமாகப் பிரிந்து, இடைவெளியின் இரு கரைகளிலும் ஒரே மின்னழுத்தத்தை எழுப்பி, தன்னைத்தானே ரத்துச் செய்துகொள்கிறது. நன்மை முழுவதும் சமச்சீரின் நன்மைதான். இடைவெளியைச் சில சென்டிமீட்டர் ஒரு பக்கமாக விட்டாலும், ஒரு பக்கத்தில் இரும்புக் கைப்பிடிச் சுவர் நெருக்கமாக இருந்தாலும் அந்தச் சமன் குலையும். ஆர்ஜி-58 போன்ற கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்குதிறன் இருப்பதால், சுருதி கூட்டும் வளையமாக இருந்தால் மேல் அலைவரிசைகள் எட்டாமல் போகும் சங்கடமும் உண்டு. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், கேபிளை நேரே ரேடியோவில் செருகப் போகிறவருக்கு இது எளிய, மலிவான வழி. சமச்சீரான உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இது பெரிதாக எதையும் கூட்டித் தராது. வெறும் கம்பி வளையமே அவருக்குப் போதும்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை நான் மத்திய அலைக்கு முதலிடத்தில் வைக்கிறேன். ஃபெரைட் வளையத்திலோ இரட்டைத் துளை ஃபெரைட்டிலோ முதன்மைச் சுற்றும் துணைச் சுற்றும் உலோகத் தொடர்பின்றி இருக்குமானால், வெளியோட்டம் வளையத்துக்கு ஏற எஞ்சியிருப்பது இரு சுற்றுகளுக்கும் இடையிலுள்ள மின்தேக்கப் பாதை மட்டுமே. இரண்டு சுற்றுகளையும் ஃபெரைட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் தள்ளிச் சுற்றி அந்த மின்தேக்குதிறனை 3 பிகோஃபாரட்டில் நிறுத்தினால், முன்பு 30 பிகோஃபாரட் வழியே பாய்ந்த வெளியோட்டம் பதினொன்றில் ஒரு பங்காகிறது; ஏறத்தாழ 21 டெசிபெல் குறைவு. இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிச் சுற்றினால் இந்த நன்மை போய்விடும், ஏனெனில் அப்போது இடைமின்தேக்குதிறன் பல பத்து பிகோஃபாரட்டுக்கு ஏறி, வளைய உடலின் அளவையே எட்டிவிடும். சமிக்ஞை இழப்பு குறைவு என்பதற்காக முறுக்கிச் சுற்றும்படி சொல்லும் குறிப்புகளை, இந்தப் பயன்பாட்டில் பின்பற்றக் கூடாது. பழைய தொலைக்காட்சி ஆன்டெனாவையும் கேபிளையும் இணைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரான பலூனிலிருந்து (balun) கழற்றிய இரட்டைத் துளை ஃபெரைட் கைவசம் இருக்கலாம். அது உயர் அதிர்வெண்ணுக்கு ஆனது, மத்திய அலைக்குச் சுற்றுகள் நிறைய வேண்டியிருக்கும். 73 வகை (இந்த எண்கள் ஃபெரைட் கலவையின் வகைக் குறியீடுகள்) ஃபெரைட் கிடைத்தால் நான்கைந்து சுற்றுகளிலேயே வேலை முடியும்.

சோக் என்றதும் டியூப்லைட் நினைவுக்கு வரலாம். இங்கே சொல்வது கேபிளையே ஃபெரைட் வளையத்தின் வழியே பல சுற்றுகள் நுழைத்துச் செய்வதை. உள்ளே ஓடும் சிக்னலை அது தொடுவதில்லை, வெளியோட்டத்துக்கு மட்டும் தடையாக நிற்கிறது. நல்ல ஃபெரைட்டில் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றினால் சில ஆயிரம் ஓம் கிடைக்கும். 3,000 ஓம் என்று வைத்துக் கணக்கைப் பாருங்கள். மத்திய அலையில் வெளியோட்டம் ஏற்கெனவே 5,700 ஓம் மின்தேக்க மறுப்பின் வழியே பாய்கிறது; அதனோடு 3,000 ஓம் தடையைத் தொடராகச் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 6,400 ஓம். குறைவு ஒரு டெசிபெல் அளவே. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபெரைட்டை வளையத்தடியில் கட்டிவிட்டு எந்த மாற்றமும் இல்லையே என்று திகைப்பவர்கள் இந்த ஒரு டெசிபெல்லில்தான் நிற்கிறார்கள்.

இதைவிடக் கெட்ட முடிவும் உண்டு. சோக் தூய தூண்டியாக நடந்துகொண்டால், அதன் தூண்டுமறுப்பு வளைய உடலின் மின்தேக்கத்தை எதிர்த்து ரத்துச் செய்துவிடலாம். மேற்கண்ட கணக்கில் 1 மில்லிஹென்றி அளவுள்ள சோக் 936 கிலோஹெர்ட்ஸுக்கு அருகிலேயே ஒத்ததிர்ந்து, வெளியோட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டும். ஆகவே அந்த அலைவரிசையில் இழப்பு மிகுந்த ஃபெரைட்டையே தேட வேண்டும். மத்திய அலைக்கு 75 அல்லது 73 வகை, சிற்றலைக்கு 31 வகை என்பது நடைமுறை விதி. சென்னையின் ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் பழைய கணினிப் பவர் சப்ளைகளைப் பிரித்து ஃபெரைட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மஞ்சளும் வெள்ளையுமாகப் பூசிய வளையம் இரும்புத் தூளால் ஆனது, இதற்கு உதவாது, மின்வாரிய மின்சாரம் நுழையும் பக்கத்தில் இரண்டு சுற்றுகள் எதிரெதிரே இருக்கும் வளையமே உயர் காந்த ஊடுருவுதிறன் கொண்ட ஃபெரைட், தாழ்ந்த அலைவரிசைகளுக்கு நன்றாக உழைக்கும்.

அதே சோக்கைச் சிற்றலையில் பாருங்கள். 15 மெகாஹெர்ட்ஸில் வளைய உடலின் 30 பிகோஃபாரட் வெறும் 350 ஓம். அங்கே 3,000 ஓம் சேர்ந்தால் வெளியோட்டம் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே போகிறது, 18 டெசிபெல். டிரான்ஸ்ஃபார்மர் தந்த 21 டெசிபெல்லுக்கு அது அருகில் வந்துவிட்டது. மேலும் அந்த அலைவரிசையில் 6 மீட்டர் கேபிள் கால் அலைநீளத்தையே தாண்டிவிடுவதால், அது எங்கே ஒத்ததிரும், எங்கே மின்னோட்டம் உச்சமாகும் என்பது கேபிளின் நீளத்தைப் பொறுத்து மாறும். ஒரே சோக்கை ஒரு முனையில் கட்டுவதைவிட, வளையத்தடியில் ஒன்றும் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஒன்றும் கட்டுவது அதனால் மேலானது. கேபிளின் மேல் கவ்விப் போடும் ஒற்றை ஃபெரைட்டுக்கு இந்த வேலை ஆகாது. தடை சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், ஒரே வளையத்தில் பத்துச் சுற்று, பத்துக் கவ்விகளைவிடப் பத்து மடங்கு வலியது.

மத்திய அலையிலும் சோக்குக்கு ஓர் இடம் இருக்கிறது, ஆனால் எர்த்தோடு சேர்ந்துதான். வீட்டு மின்சாரத்திலிருந்து கேபிள் ஷீல்டின் மேல் ஏறிவரும் இரைச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பக்கம் சோக், அதைத் தாண்டியதும் ஷீல்டிலிருந்து தோட்டத்து மண்ணில் இறங்கும் தனி எர்த் கம்பி என்று அமைத்தால், சில ஆயிரம் ஓம் தடையும் சில பத்து ஓம் எர்த்தும் சேர்ந்து இரைச்சலை நூறில் ஒரு பங்காகப் பிரித்துவிடும். எர்த் இல்லாத சோக் மத்திய அலையில் பாதிக் கருவி. எர்த்துக்கும் ஒரு வரம்பு உண்டு: மாடியிலிருந்து மண்வரை 6 மீட்டர் கம்பி ஓடினால் 936 கிலோஹெர்ட்ஸில் அதன் மறுப்பு சில பத்து ஓம், ஆனால் 15 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கம்பியே இன்னோர் ஆன்டெனா. வளையம் தரைக்கு அருகில் தோட்டத்தில் நிற்பவருக்கு எர்த் சிறந்த துணை. மாடிவாசிக்குச் சிற்றலையில் அதனால் பயனில்லை. வீட்டின் மூன்று முள் பிளக்கின் எர்த்தை இதற்குப் பயன்படுத்துவது இரைச்சலை அழைத்து விருந்து வைப்பதற்குச் சமம். இரண்டு தனித்தனி எர்த்துகள் இருக்கும்போது இடி நேரத்தில் அவற்றிடையே ஆபத்தான மின்னழுத்தம் தோன்றக்கூடும். சித்திரை, ஐப்பசி மாதங்களில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவதே பாதுகாப்பு.

கேபிளை எப்படிக் கொண்டுபோவது என்பது காசு செலவில்லாத வழி, ஆயினும் கடைசியாகவே நினைக்கப்படுகிறது. வளையத்தின் அடிநடுவிலிருந்து நேர்கீழாக இறங்கி, பிறகு தரையோடு தரையாகப் படுத்துச் செல்லும் கேபிள், அந்தரத்தில் தொங்கும் கேபிளைவிட மிகக் குறைவாகவே அலையைப் பிடிக்கும். வளையத்தின் ஒரு பக்கத்தையொட்டி இழுத்துக் கட்டுவது சமச்சீரைக் கெடுக்கும். கோஆக்சியலுக்குப் பதிலாகக் கணினி வலைப்பின்னலுக்கான கேட்-5 கேபிளைப் பயன்படுத்துவதும் நல்ல தேர்வுதான்: எந்த ஊரிலும் கிடைக்கும், முறுக்கிய நான்கு இணைகளில் ஒன்றில் சிக்னலும் மற்றொன்றில் மின்சாரமும் அனுப்பலாம். ஆனால் முறுக்கிய இணை ஆன்டெனாவாக மாறாது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் மேலும் வெளியோட்டம் அதே அளவு ஓடும். இரு முனைகளிலும் டிரான்ஸ்ஃபார்மரோ சமச்சீர் உள்ளீடோ இருந்தால் மட்டுமே அது சிக்னலாக மாறாமல் நிற்கும். ஒரு முனையில் ஓர் இழையை எர்த்தோடு சேர்த்துவிட்டால் கேட்-5-க்கும் சாதாரணக் கம்பிக்கும் வேறுபாடில்லை.

வளையத்தடியில் ஆம்ப்ளிஃபையர் வைப்பவர்கள் அதற்கு மின்சாரம் போகும் வழியை மறந்துவிடுகிறார்கள். எனக்கே ஒருமுறை மூன்று வாரம் புலப்படாத இரைச்சலுக்குக் காரணம், கேபிள் வழியே 12 வோல்ட் அனுப்பிய மலிவான அடாப்டர்தான். பேட்டரியில் ஓடவிட்ட கணத்தில் அது மறைந்தது. சமச்சீர் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபையர் இரண்டாம் பாதையைச் சேர்ந்த வலிய கருவி என்பதில் ஐயமில்லை; இரு கைகளும் ஒத்த டிரான்சிஸ்டர்களால் ஆனதாக இருந்தால் 30 டெசிபெல் சமனைத் தாழ்ந்த அலைவரிசைகளில் எளிதாகத் தரும். அதிர்வெண் ஏற ஏற அந்தச் சமன் தேயும் என்பதால், சிற்றலையில் அதன் வெளியீட்டுப் பக்கத்தில் சோக் இல்லாமல் நம்பியிருக்க முடியாது.

ஆகவே திசை பார்க்கவும், ஒரே அலைவரிசையில் மோதும் இரண்டு நிலையங்களில் ஒன்றை அடக்கவும் மத்திய அலையில் வளையம் வைத்திருப்பவர், தள்ளிச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரையும் சமச்சீரான வளையத்தையும் முதலில் முடித்துவிட்டு, தோட்டம் இருந்தால் எர்த்தும் சோக்கும் சேர்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மரின் 11 மடங்கும் சமச்சீரின் 30 மடங்கும் பெருகி வருவதால் 30 டெசிபெல் மௌனம் எட்டக்கூடியதே. சிற்றலை கேட்பவருக்கு மௌனத் திசை அவ்வளவு முக்கியமன்று, வீட்டு இரைச்சல்தான் எதிரி; அவர் 31 வகை ஃபெரைட்டில் இரண்டு நல்ல சோக்குகளுக்கும் இரைச்சலற்ற மின்சாரத்துக்கும் காசைச் செலவிடட்டும், டிரான்ஸ்ஃபார்மர் அதன் பிறகு வரலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி மட்டுமே உள்ளவருக்கும், உள்ளூர் மத்திய அலை நிலையங்களே போதும் என்பவருக்கும் இவை எதுவும் வேண்டாம். மரச் சட்டத்தில் ஏறத்தாழ 240 மைக்ரோஹென்றி வரும்வரை கம்பியைச் சுற்றி, பழைய ரேடியோவின் 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சரை (சுருதி கூட்டத் திருகும் மின்தேக்கியை) இணைத்தால் 531 கிலோஹெர்ட்ஸிலிருந்து மேலே சுருதி கூட்டலாம். பேட்டரியில் ஓடும் கையடக்க ரேடியோவை அதன் ஃபெரைட் தண்டு வளையத்தின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அருகில் வைத்தால், காந்தப்புலமே சிக்னலைக் கடத்திவிடும். அடக்குவதற்கு அங்கே கேபிளே கிடையாது.